இரண்டாம் பரிசு

“அதிர்ஷ்டம்தான் மேடம். என்கிட்ட இல்லாதது அது ஒண்ணுதான்” என்றான் அவன், கேமராவைப் பார்க்காமல்.

அவன் காலரில் செருகியிருந்த சின்ன மைக்கை நிருபர் பெண் நிமிர்த்தி வைத்தாள். பத்து வருடத்துக்கு முன் டிவி பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றுவரை வந்தவர்கள் இன்று என்ன செய்கிறார்கள் என்று ஒரு நிகழ்ச்சி. அவன் அதில் இரண்டாம் பரிசு வாங்கியவன். இப்போது வாஷிங் மெஷின் விற்கும் கடையில் வேலை. தள்ளுபடி நாட்களில் முதலாளி மைக்கைக் கையில் கொடுத்து, கடை வாசலில் நின்று பாடச் சொல்வார்.

பேட்டியே வேண்டாம் என்றுதான் முதலில் இருந்தான். மனைவிதான் விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்தாள். சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். அவளும் அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். இறுதிச் சுற்றில் பாடியதையே பாடினான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உச்சத்துக்கு ஏறும் இடத்தில் குரல் பிசிறிவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான். இந்த முறை அந்த வரியைக் கீழே இறக்கிப் பாடி ஒப்பேற்றினான். கேமராக்காரர் குனிந்து எதையோ சரிபார்ப்பதுபோல் இருந்தார்.

“நல்லா இருந்தது சார்” என்றாள் நிருபர். “உங்களை ஜெயிச்சவங்களைப் பத்திச் சொல்லுங்க. அவங்க பாடின வீடியோவை இன்னைக்கும் ஜனங்க பார்த்துக்கிட்டு இருக்காங்க. எங்கே போனாங்கன்னு எங்களைக் கேக்காதவங்க இல்ல. நாங்களும் தேடாத இடமில்ல.”

அவன் தண்ணீர் குடித்தான். குடித்து முடித்த பிறகும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

“நல்ல குரல். அன்னைக்கு அவங்களுக்கு நேரமும் கூடி வந்தது. அப்புறம் ஒண்ணு ரெண்டு படத்துல பாடினாங்க. கல்யாணம் ஆனதும் விட்டுட்டாங்க. எங்கேயோ இருக்காங்க. எனக்குத் தெரியாது.”

அவ்வளவு அதிர்ஷ்டம் வந்தும் ஒருத்தர் விட்டுவிட்டுப் போனதையும், இவன் இன்னும் விடாமல் முட்டி மோதுவதையும் சொல்லி, அதை நினைத்தால் வருத்தமாக இருக்குமே என்று கேட்டாள். அவன் காலரிலிருந்த மைக்கைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

கிளம்பும்போது, குடும்பத்தோடு ஒரு காட்சி எடுத்தால் நன்றாக இருக்கும் என்றாள். மனைவிக்குக் கேமரா என்றாலே கூச்சம் என்று சொல்லிவிட்டான். கூடவே வாசல்வரை போய், இந்த நிகழ்ச்சியை இசையமைப்பாளர்கள் யாராவது பார்ப்பார்களா என்று கேட்டான். கண்டிப்பாகப் பார்ப்பார்கள் என்றாள், வேனில் ஏறிக்கொண்டே.

வேன் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தான். மனைவி மறுபடி அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். மேலே போகிற இடத்தில் சொதப்பிவிட்டதாக அவளிடம் சொன்னான். தொண்டை கட்டினால் யாருக்கும் அப்படித்தான், அதையெல்லாம் வெட்டிவிடுவார்கள் என்று சொல்லி, அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“எங்கேயோ இருக்காங்கன்னு, வாய் கூசாம சொல்லிட்டேன்.”

“நான்தானே சொல்லச் சொன்னேன்” என்றாள் அவள். “முதல் பரிசு வாங்கினவ இந்த வீட்டுலயே இருக்கான்னு தெரிஞ்சிருந்தா, உங்க பக்கம் கேமராவைத் திருப்பியிருப்பாங்களா?”