மோதி விலகிய பிறகு

"ரெண்டு பேருக்குமே இது ரெண்டாவது கல்யாணம். மொட்டை மாடிக்குப் போய் மனசு விட்டுப் பேசிட்டு வாங்க. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல," என்றார் தீபலட்சுமியின் மாமா துரைராஜ். சொல்லிவிட்டு, பஜ்ஜித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

தசரதன் எழுந்தான். சிறுசேரி ஐ.டி. கம்பெனியில் ஒரு பெரிய டீமையே மேய்க்கிறவன், பல்லாவரத்தில் ஒரு மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். தீபலட்சுமி மறுத்துவிட்டால் இனி கல்யாணப் பேச்சே இல்லை என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தான்.

அவனுடைய முதல் மனைவிக்கு அவன்மேல் இருந்த பெரிய புகார், வீட்டில் இருப்பவளைப் பார்க்காமல் டெலஸ்கோப்பில் வானத்தையே பார்க்கிறான் என்பது. மூன்றே வருடத்தில் எல்லாம் கோர்ட்டில் போய் முடிந்தது. தீபலட்சுமியின் முதல் கல்யாணமும் அப்படி முடிந்ததுதான்.

மாடியில் அவள் காபியை நீட்டினாள். சர்க்கரை போடவில்லை. அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும்.

"வானத்துல என்ன விசேஷம்?" என்று அவளே ஆரம்பித்தாள்.

வானத்தைப் பற்றிக் கேட்டால் போதும், தசரதனுக்குப் பயமெல்லாம் பறந்துவிடும். இரண்டு கேலக்சிகள் மோதிக்கொள்வதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான்.

"மோதினா எல்லாம் நொறுங்கிடாதா?"

"நட்சத்திரங்களுக்கு நடுவுல அவ்வளவு இடம் இருக்கு. ஒண்ணோட ஒண்ணு அநேகமா இடிச்சுக்காது. ஆனா ரெண்டு கேலக்சியும் உருக்குலைஞ்சிடும். ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து, அந்தப் பக்கமா ரொம்ப தூரம் விலகிப் போயிடும்."

"அவ்வளவுதானா?" அவள் குரல் இறங்கிவிட்டது.

மீனம்பாக்கத்தில் இறங்க வந்த விமானம் தலைக்கு மேல் இரைந்தது. அது போகும்வரை அவன் காத்திருந்தான்.

"இல்ல. எவ்வளவு தூரம் போனாலும் ஈர்ப்பு விடாது. வேகம் குறைஞ்சு, திரும்பி வரும். கடைசில ரெண்டும் சேர்ந்து ஒரே கேலக்சி ஆயிடும். நடுவுல புதுசு புதுசா நட்சத்திரம்கூடப் பிறக்கும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"கோடிக்கணக்கான வருஷம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கியது. கைப்பிடிச் சுவர் பக்கம் திரும்பி, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

இதற்குமேல் தசரதனால் பொறுக்க முடியவில்லை. "சம்மதம்னு ஒரு வார்த்தை வந்தா, நாளைக்கே போய்த் தாலி வாங்கிடறேன்," என்றான்.

"புதுசு எதுக்கு?" என்றாள் தீபலட்சுமி. "முதல் தடவை நீங்க எனக்குக் கட்டினதே பீரோவுல பத்திரமா இருக்கு."