விட்டுவைத்த கட்டம்

தாய்மார் நீதி கேட்டுக் குந்தியிருந்த பந்தலில், காணாமற்போனவர்களின் படங்களை வரிசை வரிசையாக ஒட்டியிருந்த கரும்பலகையில், தவமலர் ரீச்சரின் நடு மகனுக்கு மட்டும் படம் இல்லை. வீட்டோடு எல்லாம் எரிந்துபோயிற்று. அந்த இடத்தில் வேறு படம் ஒட்ட ரீச்சர் விடவில்லை. தனிம அட்டவணையை அடுக்கியவர், அதுவரை கண்டுபிடிக்காத தனிமங்களுக்குக் கட்டங்களைக் காலியாக விட்டு, அக்கம்பக்கத்துத் தனிமங்களைப் பார்த்தே அவற்றின் எடையை எழுதிவைத்தார் என்றும், பின்னால் அவை கிடைத்தபோது கணக்குச் சரியாகவே இருந்தது என்றும் முப்பது வருடம் படிப்பித்தவர் அவர். அண்ணனின் உயரத்தையும் தம்பியின் உயரத்தையும் கூட்டிப் பாதியாக்கி, காலிக் கட்டத்தில் வெண்கட்டியால் எழுதினார்: ஐந்தடி எட்டங்குலம்.

மகன் காணாமற்போன பதினோராம் வருடம் ஓர் அதிகாரி பந்தலுக்கு வந்தார்.

"ஒரு பாழ்க்கிணத்துக்குள்ள எலும்புகள் எடுத்தது, அம்மா. பதினெட்டு, இருபது வயசுப் பெடியன். உயரம் ஐஞ்சடி எட்டு." கரும்பலகையைப் பார்த்ததும் அவர் குரல் தாழ்ந்தது. "நீங்களும் அதைத்தானே எழுதியிருக்கிறியள்?"

ரீச்சர் எழுந்துபோய்ச் சேலைத் தலைப்பால் எட்டை அழித்தார்.

"நான் கூட்டினது பிழை, தம்பி. அவன் இன்னும் வளந்திருப்பான்."