யானை இல்லாத ஊர்

பென்னாகரத்துக் காட்டோரச் சிற்றூரில் மாலை வெயில் சோளத் தட்டைகளின்மேல் சாய்ந்து கிடக்கிறது. வீடுகளெல்லாம் சாத்தியிருக்கின்றன, உள்ளே ஆண்கள் விடும் குறட்டையில் கூரை ஓடுகள் எழுந்து எழுந்து உட்காருகின்றன. யானைத் தொல்லையைக் கணக்கெடுக்க வந்த மாதவராஜ், டீக்கடை வாசலில் டேப்லெட்டைப் பைக்குள் வைக்கிறான். தலையில் புல்லுக்கட்டோடு பாஞ்சாலி ஓடிவருகிறாள். இந்தக் கணக்கை வைத்து யானையைத் தடுக்கும் சோலார் வேலி வந்தால்தான் இந்த வருஷச் சோளம் அவள் வீடு சேரும். "எங்க வூட்டுல கேக்கவே இல்லீங்களே சார்?" "கதவு சாத்தியிருந்துச்சுக்கா. சாத்தின வீட்டை விட்டுட்டுப் போகணும், அதான் ரூல்." "ராவெல்லாம் பரண்ல நின்னு ஆனை வெரட்டுனவங்க பகல்ல தூங்காம கூத்தா ஆடுவாங்க? அப்ப யாரைத்தான் கேட்டீங்க?" "கடைக்காரங்களை. ஆனை டீ குடிக்க வர்றதில்லைன்னு சிரிச்சாங்க. தொல்லை இல்லைன்னு டேப்லெட்ல ஏத்திட்டேன். வேலி வேற ஊருக்குப் போயிடும்கா."

காற்று நிற்கிறது. ஊர் நாய்கள் அத்தனையும் வாலைச் சொருகிக்கொண்டு ஒரே பெஞ்சுக்கடியில் நுழைகின்றன. இன்னும் பொழுதுகூட இறங்கவில்லை. அதற்குள் பாஞ்சாலியின் சோளக்காட்டில் ஏதோ மடமடவென்று முறிகிறது. முறிகிற சத்தம் ரோட்டை நோக்கி வருகிறது. "என்னக்கா அது?" மாதவராஜ் பையை மார்போடு அணைத்துக்கொள்கிறான். பாஞ்சாலி புல்லுக்கட்டை ஓசையில்லாமல் இறக்கி வைக்கிறாள். "இல்லைன்னு ஏத்துனீங்களே, அதுதாங்க சார்."