ஏழாவது பதில்

படங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஓர் இணையதளத்தில் ஓவியர்களின் குறைகளைக் கேட்பது அவள் வேலை. கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது. அதிகம் பேர் கேட்பதை அன்றைக்கே செய்து முடிப்பது தளத்தின் வழக்கம்.

இந்த முறை அவர்களுக்கு ஆறு கேள்விகள் அனுப்பினாள். எல்லோருமே ஏழு பதில்கள் எழுதியிருந்தார்கள்.

ஒருவரின் ஏழாவது பதில், "பச்சைச் சட்டை." இன்னொருவருடையது, "ஜன்னலோர நாற்காலி." அடுத்தது, "இடது கட்டைவிரலில் பிளாஸ்திரி."

அவள் தன் விரலைப் பார்த்தாள். காலையில்தான் கத்தி பட்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அந்தத் தளத்தில் படம் போடும் தன் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"நான் ஆறு கேள்விதானேக்கா அனுப்பினேன்?"

"ஏழுடி. உன்னை எப்படி வரையணும்னு கடைசியா கேட்டிருந்தியே. மகாராணிக்கு அதுக்குள்ள மறந்துபோச்சா?"

"நீ என்ன எழுதினே?"

"உனக்குத்தான் தூக்கமே பத்தலையே. கண்ணு மூடியிருக்கட்டும்னு எழுதினேன்."

போனை வைத்துவிட்டு எண்ணிப் பார்த்தாள். அக்காவைப் போலவே எழுதியவர்கள் நாற்பத்தொரு பேர். கோரிக்கைப் பட்டியலின் உச்சிக்கு ஏறிய அந்த வரிக்கு நேராக 'இன்றே' என்று வந்து விழுந்தது.

மணி பதினொன்றுதான். ஜன்னலில் நல்ல வெயில். அவளுக்கு இமைகள் கனத்தன.