மூன்று முக்காலிகள்

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து சோதனைக்கு வந்த பெரிய டாக்டரம்மா மேசைமேல் முதலில் எடுத்து வைத்தது ஒரு புதுப் பூட்டு. பக்கத்தில் முத்திரை வைக்க ஓர் அரக்குக் குச்சி. அதற்குப் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"குறை கண்டா இன்னிக்கே பூட்டிட்டு வரச் சொல்லி உத்தரவு," என்றார். குரலில் பொட்டு ஈரம் இல்லை.

தலைமை மருத்துவச்சி பூட்டைப் பார்த்தாள். பதினோரு வருடமாக அவள் நடத்தும் பிரசவ இல்லம் இது. இந்த மாதம் நாள் குறித்துக்கொண்டு போன பத்தொன்பது பெண்கள் பூட்டிய கதவையா வந்து தட்டுவார்கள்?

சின்ன மருத்துவச்சி அவள் காதைக் கடித்தாள். "அக்கா, இவங்க பொண்ணு போன வருஷம் பிரசவத்துலதான் போயிட்டாளாம். நம்மள மாதிரி ஒரு இடத்துலதான் இருக்கும். இல்லேன்னா ஏன் இவ்வளவு கடுப்பு?"

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருடி. மூணாவது ரூமுக்குப் போய் அங்க உக்காந்திருக்கறவளை மாத்தி விடு."

டாக்டரம்மா பதிவேட்டைப் புரட்டினார். "போன வருஷம் இருநூத்திப் பன்னெண்டு பேர். அதுல இருபத்தெட்டுப் பேரை எங்க ஆஸ்பத்திரிக்குத் தள்ளி விட்டிருக்கீங்க. முடியலேன்னதும் கைவிட்டாச்சு, அப்படித்தானே?"

"கைவிடல டாக்டரம்மா. கையோட கூட்டிட்டு வந்தோம். ஒரு தாயையும் பறிகொடுக்கல."

பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது.

அறைகள் மூன்று. மருந்து அலமாரியையும் ஆக்சிஜன் சிலிண்டரையும் ஒரே பார்வையில் தாண்டிய டாக்டரம்மா, முதல் அறையில் கட்டிலை ஒட்டிக் கிடந்த முக்காலியின் முன்னால் நின்றுவிட்டார். "இது யாருக்கு?"

"எங்களுக்குத்தான். வலி எடுத்ததுலேர்ந்து பிள்ளை வெளிய வர்ற வரைக்கும் ஒருத்தி இதுல இருக்கணும். இன்னொருத்தி வந்தப்புறம்தான் எழுந்திருக்கணும்."

"சாப்பிடப் போனா?"

"அப்பவும்தான்."

"ஒரு பொம்பளைக்கு ஒரு ஆளா?"

"வலி என்ன பங்கு போட்டுக்கிட்டா வருது டாக்டரம்மா?" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றாவது அறையில் ஒரு தலைப்பிரசவம். முக்காலியில் இருந்த சின்னவள், குழந்தையின் துடிப்பைக் கேட்கும் கருவியை வயிற்றிலிருந்து எடுக்காமலே நிமிர்ந்தாள். "அக்கா, வலி விட்டப்புறமும் இறங்கின துடிப்பு ஏற மாட்டேங்குது. ரெண்டாவது தடவை. பனிக்குடத் தண்ணியும் பச்சையா வருது."

தலைமை மருத்துவச்சி தானும் கேட்டுப் பார்த்தாள். பத்து நிமிடம் பொறுத்தால் தானே சரியாகலாம், ஆகாமலும் போகலாம். சோதிக்க வந்தவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார், மேசைமேல் பூட்டு இருக்கிறது. அவள் பொறுக்கவில்லை.

"வண்டியை எடுக்கச் சொல்லு."

வாசலில் நின்ற அந்தப் பெண்ணின் கணவன் குதித்தான். "பெரிய ஆஸ்பத்திரிக்கே போலாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா?"

"அடிச்சுக்கிட்டது போதும், போய்ச் செருப்பை மாட்டுங்க," என்றாள் அவன் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

சாலையைப் பார்த்தே நிற்கும் வண்டி அது. ஆறாவது நிமிடம் அந்தப் பெண் உள்ளே படுத்திருந்தாள். அவள் கையை விடாமல் சின்னவளும் ஏறிக்கொண்டாள்.

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். "இவ அங்க ஒப்படைச்சுட்டுத் திரும்பிடுவாளா?"

"மாட்டா. பிள்ளை பொறக்கற வரைக்கும் பக்கத்துலயேதான் இருப்பா. அங்க உக்கார ஒண்ணும் இருக்காது, நின்னுக்குவா."

டாக்டரம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கைபேசியை எடுத்தார். "நான்தான் பேசறேன். ஆபரேஷன் தியேட்டரைத் தயாரா வைங்க."

பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் பூட்டு. ஐம்பது நிமிடம் கழித்துத் தொலைபேசி மணி அடித்தது. மறுமுனையில் சின்னவள். "ஆபரேஷன்க்கா. கொடி கழுத்தைச் சுத்தியிருந்துச்சு. கொஞ்சம் தாமதிச்சிருந்தா பிள்ளை இல்லையாம். இப்ப அழுதுடுச்சு. தாயும் நல்லாருக்கா."

தலைமை மருத்துவச்சி பெருமூச்சு விட்டாள். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"பூட்டறதுன்னா பூட்டுங்க டாக்டரம்மா. உங்க பொண்ணு விஷயம் கேள்விப்பட்டேன். எங்கள மாதிரி ஆளுங்களாலதான் அப்படி ஆச்சுன்னா, அந்தக் கோபம் நியாயம்தான்."

டாக்டரம்மா பூட்டையும் அரக்கையும் எடுத்துப் பைக்குள் போட்டார். எழுந்து மூன்றாவது அறைக்குப் போனார். அந்த முக்காலியில் உட்கார்ந்து, வெறும் கட்டிலின் கசங்கிய விரிப்பின் மேல் கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

"எங்க பிரசவ வார்டுல இருபத்திரண்டு கட்டில் இருக்கும்மா. பக்கத்துல உக்கார ஒரு முக்காலி கிடையாது."

வாசலிலேயே நின்றாள் தலைமை மருத்துவச்சி.

"பதினேழாம் நம்பர் கட்டில்லதான் என் பொண்ணு செத்தா."