போயிட்டு வரேன்

வெளியூர் வந்த மெடிக்கல் ரெப் தங்குவதற்கு முதலில் பார்த்தது ஆறே அறைகள் கொண்ட ஒரு கெஸ்ட் ஹவுஸை. அழகாகத்தான் இருந்தது, ஆனால் ஆள் அரவமே இல்லை. வாய்ப்பழக்கமாக, "போயிட்டு வரேம்மா" என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டு, நாலு தெரு தள்ளிப் பெரிய ஓட்டலில் பதினோராவது மாடியில் அறை எடுத்தார்.

காலையில் லிஃப்டில் கீழே வந்தார். கதவு திறந்தால் கெஸ்ட் ஹவுஸின் கூடம்.

"வாங்க. வரேன்னு சொன்னீங்கல்ல, பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்றாள் அந்த அம்மா.

அவர் அவசரமாகக் கதவை மூடும் பொத்தானை அழுத்தினார். லிஃப்டிலேயே மேலே போய், படிக்கட்டு வழியாக இறங்கிப் பார்த்தார். அதே கூடம், அதே அம்மா. அப்போதுதான் தான் சொன்ன வார்த்தை உறைத்தது.

"நான் போறேன்" என்றார்.

அவள் முகம் வாடிவிட்டது. "அப்படிச் சொல்லக் கூடாதுங்க" என்றாள். பிறகு ரிஜிஸ்டரைத் திறந்து, மெதுவாகக் கேட்டாள்: "வீட்ல யாருக்குச் சொல்லணும்?"