திடலுக்கு வந்த விமானம்

1936-இல் மலாயாவின் ஆயர் ஈத்தாம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. விமானம் ஓட்டப் பழகிவந்த வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் தனியாகப் பறந்து வந்து, தோட்டத்துத் திடலுக்கு மேலே தாழ்வாக வட்டமிட்டான்.

"எல்லாரும் ஓடியாங்க! ஏரோப்பிளேன்காரரு நம்மளப் பாத்துக் கை காட்டுறாரு!" பால் வெட்டும் கருப்பாயி லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும்படி கூவினாள்.

பெண்களும் பிள்ளைகளும் திடல் நிறையக் கூடிக் கையசைத்தார்கள். அவனும் விடாமல் கையை வீசிக்கொண்டே இன்னும் கீழே வந்தான். கடைசி நொடியில் விமானம் சட்டென்று திரும்பி, ரப்பர் மரங்களில் மோதி நொறுங்கியது. அவன் அங்கேயே இறந்துபோனான்.

மறுநாள் விசாரிக்க ஒரு துரை வந்தார். இடுப்பில் குழந்தையோடு வந்து கருப்பாயி சாட்சி சொன்னாள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கதிரேசு அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார்.

"நல்ல மனுசருங்க. சாகப்போற நேரத்திலயும் எங்களுக்குக் கை காட்டினாரு."

துரை கிராணியிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "இன்ஜின் நின்றுபோயிருக்கிறது. இறங்க அவனுக்கு அந்தத் திடலை விட்டால் வேறு இடமில்லை. விலகிப் போங்கள் என்றுதான் கையை வீசியிருக்கிறான்."

"துரை என்ன சொல்றாருங்க, கிராணி ஐயா?"

கதிரேசு அவள் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தார்.

"நீங்கள் கை காட்டினது விமானம் ஓட்டின அந்தப் பொடியனுக்குச் சந்தோசமா இருந்திருக்குமாம்."

கருப்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப, நான் எல்லாரையும் கூப்பிட்டது நல்லதாப் போச்சுங்க."